றங்குப்பெட்டிகளில் எஞ்சிய யுத்தகாலம்: படங்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூறு ஆண்டுகளுக்குள் இரண்டு யுத்தங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது 1939 முதல் 1945 வரை உலகத்தையே உலுக்கியது. அது கொழும்புக்கும் திருகோணமலைக்கும் குண்டாக வந்தது. எமது குசினிகளுக்கு அரிசித் தட்டுப்பாடாக வந்தது. இரண்டாவது எமது சொந்த மண்ணிலேயே நடந்து 2009 மே மாதத்தில் முடிந்தது. நூற்றாண்டு மலருக்காகக் கல்லூரியின் கதையை எழுத நாம் உட்கார்ந்தபோது அதிபர்களின் பட்டியலும், கட்டடங்கள் திறக்கப்பட்ட திகதிகளும், பரிசளிப்பு விழா அறிக்கைகளும் ஓரளவு கைக்கு எட்டின. ஆனால் இந்த இரு யுத்தங்களின்போதும் இங்கே படித்த பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், எதைக் கண்டு பயந்தார்கள், எந்தச் செய்தியை வாசித்தார்கள் என்பதற்கான சான்றுகள் கல்லூரி அலுமாரிகளில் இருக்கவில்லை. அவை வீடுகளில் இருந்தன. றங்குப்பெட்டிகளிலும், பிஸ்கற் ரின்களிலும், சாமி அறைப் பெட்டகங்களிலும் இருந்தன.

ஆகவே யுத்தகாலத்துப் புகைப்படங்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் தேடிச் சேர்க்கும் வேலையை நாம் தொடங்கினோம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டுமன்றி லண்டன், ரொறன்ரோ, சிட்னி, கோலாலம்பூர் என எங்கெல்லாம் எமது பழைய மாணவிகள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் சொல்லி அனுப்பினோம். வந்தவை பலவகை. அவற்றினூடாக நாம் அறிந்துகொண்ட வரலாற்றையும், அவற்றை என்ன செய்வது என்று நாம் பட்ட சங்கடத்தையும், இன்னும் வராதவற்றுக்கான வேண்டுகோளையும் இங்கே எழுதுகிறோம்.

ஏன் இவ்வளவு குறைவாக எஞ்சின?

பத்திரிகை என்பது வைத்திருப்பதற்காக அச்சடிக்கப்படும் பொருள் அல்ல. வாசித்து முடிந்த மறுநாளே அது கடைக்காரரின் சரையாகும். பள்ளிப் புத்தகத்துக்கு உறையாகும். அலுமாரித் தட்டில் விரிப்பாகும். எமக்குக் கிடைத்த 1940களின் பத்திரிகைத் தாள்களில் பெரும்பாலானவை யாரும் திட்டமிட்டுச் சேர்த்தவை அல்ல. கூறைச்சேலைக்கு அடியில் விரித்தபடியும், கண்ணாடிப் படச் சட்டத்தின் முதுகில் அட்டையோடு ஒட்டியபடியும் தப்பிப் பிழைத்தவை. வேறு வேலைக்குப் பயன்பட்டதால்தான் அவை இன்று எம்மிடம் இருக்கின்றன.

பத்திரிகைத் தாளின் இயல்பும் ஒரு காரணம். மரத்தை அரைத்துச் செய்யும் மலிவான தாளில் லிக்னின் என்ற பொருள் அகற்றப்படாமல் இருக்கும். வெளிச்சமும் காற்றும் படப்பட அது மஞ்சளாகி, அமிலமாகி, கடைசியில் தொட்டாலே அப்பளம்போல் நொறுங்கும். எமது வெக்கையும் மாரிகால ஈரமும் கறையானும் வெள்ளிப்பூச்சியும் மிச்ச வேலையை முடித்துவிடும்.

இவற்றையெல்லாம் தாண்டி நிலைத்தவற்றை நெருப்பு கொண்டுபோனது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. ஒரு சமூகம் தன் பழைய பத்திரிகைகளைத் தேடிப் போகும் முதல் இரண்டு இடங்கள் அவை. வீட்டுப் பெட்டிகளை நாம் நம்பியிருப்பதற்கு இதுவே முதற் காரணம்.

தூரத்து யுத்தம்

1939 செப்டெம்பர் 3 ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனிமீது யுத்தம் பிரகடனம் செய்தபோது, அதன் குடியேற்ற நாடான இலங்கையும் யுத்தத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் எமது ஊர்களுக்கு யுத்தம் என்பது வாசிக்கும் பொருளாகவே இருந்தது. அப்போது யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வந்தவை எவை? சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா 1930 இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ வார இதழ். சைவ பரிபாலன சபையின் ‘இந்து சாதனம்’. கொழும்பிலிருந்து 1930 இல் தொடங்கிய ‘வீரகேசரி’யும் 1932 இல் தொடங்கிய ‘தினகரன்’உம். தமிழகத்திலிருந்து ‘ஆனந்த விகடன்’ வந்தது. 1941 ஓகஸ்டிலிருந்து ‘கல்கி’யும் வந்தது. ஆங்கிலம் படித்த வீடுகளில் கொழும்பு நாளிதழ்களும், பல நாள் கழித்துக் கப்பலில் வரும் ‘பிக்சர் போஸ்ற்’, ‘த வார் இலஸ்ரேற்றட்’ போன்ற படச் சஞ்சிகைகளும் இருந்தன.

இப்படச் சஞ்சிகைகளை ஓர் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். அவை அழகானவை, படங்கள் துல்லியமானவை, ஆண்டு முழுவதையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தால் இன்று நல்ல விலையும் போகும். ஆனால் அவை தணிக்கையைத் தாண்டி வந்த படங்கள். எரியும் ஜேர்மானிய விமானத்தைக் காட்டுவதற்கு இருந்த ஆர்வம், தம் பக்கத்து இழப்பைக் காட்டுவதற்கு இருக்கவில்லை. எந்தப் படம் அச்சாகியது என்பதைப்போலவே எது அச்சாகவில்லை என்பதையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

கல்கியில் 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபதம்’ தொடராக வந்த காலத்தில் எமது அம்மாமார், அம்மம்மாமார் பலர் அத்தொடரின் பக்கங்களை மட்டும் கழற்றிக் கட்டி வைத்தார்கள். மற்றப் பக்கங்கள் அடுப்புக்குப் போயின. ஆனாலும் அந்தக் கட்டுகளை நாம் இப்போது பின்பக்கமாகப் புரட்டிப் பார்க்கிறோம். கதை ஒரு பக்கத்தில் முடியும் இடத்தில், மறுபக்கத்தில் ஒரு விளம்பரமோ, போர்ச் செய்தித் துணுக்கோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இந்த வகைக் கட்டு உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். நாவல் புத்தகமாக எங்கும் கிடைக்கும். அந்தப் பின்பக்கங்கள் கிடைக்கமாட்டா.

1942: இரண்டு மாதங்கள்

எமது சேகரிப்பில் 1942 ஆம் ஆண்டே மிகக் கனமானது. அந்த ஆண்டு பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வரலாற்றுப் புத்தகங்களுக்கு அது பிரித்தானியப் பேரரசின் தோல்வி. யாழ்ப்பாணத்துக்கு அது வீட்டுக்குள் நிகழ்ந்த இடி. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்த தகப்பன்மாரின், அண்ணன்மாரின் காசுக்கட்டளைகளை நம்பியிருந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். எமது கல்லூரி விடுதியிலும் மலாயாப் பிள்ளைகள் இருந்தார்கள். அன்றிலிருந்து கடிதமும் நின்றது, காசும் நின்றது. மூன்றரை ஆண்டுகளுக்கு அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமலே பிள்ளைகள் வகுப்பேறினார்கள்.

மார்ச் 8 இல் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. துறைமுகத்தில் ‘ரெனிடோஸ்’, ‘ஹெக்ரர்’ என்ற கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்து நோயாளர் இறந்தனர். அதே நாள் ஆழ்கடலில் ‘டோர்செற்சயர்’, ‘கோர்ன்வோல்’ என்ற இரு போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது; ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கியது.

இந்த வாரத்துப் பத்திரிகைகளை இன்று வாசிப்பது ஒரு பாடம். வீழ்த்தப்பட்டதாக அவை கூறிய ஜப்பானிய விமானங்களின் எண்ணிக்கை, பிற்காலத்தில் இரு தரப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டு ஆய்வாளர் கண்டதைவிட மிக அதிகம். ஜப்பானியக் கப்பற்படை வருவதை ஏப்ரல் 4 இல் வானிலிருந்து கண்டு எச்சரித்தவர் கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவரது விமானம் சுடப்பட்டு அவர் சிறைப்பட்டார். எம்மிடமுள்ள அந்த மாதத்துப் பிரதிகள் எதிலும் அவர் பெயர் இல்லை. அடுத்த மாதம் கொக்கோஸ் தீவுகளில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கலகம் செய்தனர்; அவர்களில் மூவர் ஓகஸ்ட் மாதம் தூக்கிலிடப்பட்டனர். அதையும் அன்றைய பத்திரிகைகளில் தேடிப் பயனில்லை. பத்திரிகை ஒன்றைச் சேர்த்து வைப்பது அதில் உள்ளதெல்லாம் உண்மை என்பதற்காக அல்ல. அன்று மக்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி இல்லை என்பதற்காகவே.

குண்டுவீச்சுக்குப் பிறகு கொழும்பு வெறிச்சோடியது. பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் சேர்ந்தார்கள். கொழும்புப் பாடசாலைக் கட்டடங்கள் பல படையினருக்காக எடுக்கப்பட்டன. பலாலியில் விமானத்தளம் அமைந்தது. எமது பிள்ளைகள் வளவில் அகழி வெட்டி, சங்கு ஊதினால் எப்படி ஓடி இறங்குவது என்று பழகினார்கள். அரை நூற்றாண்டுக்குள் அவர்களது பேத்திமார் அதே வளவில் ‘பங்கர்’ என்ற பெயரில் மீண்டும் அதை வெட்ட வேண்டியிருக்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

சிறு தாள்கள்

சேகரிப்பவர்கள் முதற்பக்கத் தலைப்புகளையே தேடுவார்கள். ஆனால் ஒரு பாடசாலையின் வரலாற்றுக்குச் சிறு தாள்களே அதிகம் சொல்கின்றன. 1942 இல் அரிசி கூப்பன் முறைக்குள் வந்தது. சங்கக்கடைகள் ஊரூராகப் பெருகின. அதுவரை பாணை நோயாளியின் சாப்பாடாகவே கண்ட வீடுகளில் கோதுமை மா நாளாந்த உணவாகியது. இன்று எமது காலைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பாணும் புட்டுக்குக் கலக்கும் கோதுமை மாவும் பெருமளவில் அந்தக் கூப்பன் கொப்பியின் வழியாக வந்தவையே.

உலோகத் தட்டுப்பாட்டால் 1942 இல் சதங்களும் தாளில் அச்சாகின. அவற்றுள் ஐந்து சதத் தாள் ஒன்று நடுவில் துளையிடப்பட்டிருக்கும். கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறு பாதி மூன்று சதம். பிள்ளைகளின் கையில் புழங்கிய காசு அது. முழுத்தாளாக எஞ்சியது அரிது. எமக்கு ஒரு பழைய மாணவியின் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு பாதி கிடைத்திருக்கிறது. அதைக் காசு சேர்ப்பவர் மதிக்கமாட்டார், நாம் மதிக்கிறோம்.

விளம்பரங்களையும் வாசிக்க வேண்டும். யுத்தச் சேமிப்புப் பத்திரம் வாங்கும்படி கேட்கும் விளம்பரம், தோட்டம் செய்யச் சொல்லும் விளம்பரம், பொருள் தட்டுப்பாட்டுக்கு மன்னிப்புக் கேட்கும் கம்பனி விளம்பரம் என்று, செய்தியில் மறைக்கப்பட்ட கஷ்டம் இவற்றில் வெளியே எட்டிப் பார்க்கும். பத்திரிகையின் பருமனே ஒரு செய்திதான். தாள் தட்டுப்பாடு முற்ற முற்றப் பக்கங்கள் குறைந்து எழுத்து சிறுத்துப் போவதை ஆண்டுவாரியாக அடுக்கினால் வெறுங்கண்ணாலேயே காணலாம்.

மலாயாவிலிருந்து திரும்பிய பெட்டிகள்

யுத்தம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் மலாயாக் குடும்பங்கள் திரும்பின. அவர்களது பெட்டிகளில் வந்த சில பொருட்கள் எமது சேகரிப்பின் விசேட பகுதி. முதலாவது, ‘வாழைமர நோட்டு’ எனப்பட்ட ஜப்பானிய இராணுவக் காசு. பத்து டொலர்த் தாளில் வாழை மரம் அச்சிடப்பட்டிருந்ததால் அந்தப் பெயர். தொடக்கத்தில் வந்த தாள்களில் தொடரிலக்கம் இருக்கும். பின்னர் வெறும் எழுத்துகளோடு கணக்கில்லாமல் அச்சடித்தார்கள். 1945 செப்டெம்பரில் பிரித்தானிய இராணுவ நிர்வாகம் அக்காசு செல்லாது என்று அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் சேமித்த சம்பளம் ஒரே நாளில் வெற்றுக் கடதாசியாயிற்று. பிள்ளைகள் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடியதாக வயது முதிர்ந்த ஒரு பழைய மாணவி எமக்குச் சொன்னார். தகப்பனார் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாராம்.

இரண்டாவது, சிங்கப்பூரில் ஆங்கில நாளிதழுக்குப் பதிலாக 1942 பெப்ரவரி 20 முதல் ஜப்பானியர் வெளியிட்ட ‘சியோனான் ரைம்ஸ்’ இதழின் தாள்கள். சிங்கப்பூரின் பெயரே அப்போது சியோனான் ஆகிவிட்டது. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 1942 என்பது 2602. அந்த எண்ணைக் கண்டு அச்சுப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம்; அதுவே அத்தாளின் காலத்துக்கு அடையாளம்.

இப்பெட்டிகளில் வராதவையும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரம் பேர் காட்டிலே மாண்டார்கள். அவர்களிடம் கமரா இருக்கவில்லை. அவர்களைப் படம்பிடிக்க யாரும் வரவுமில்லை. எழுத்தறிவும் வசதியும் உள்ள குடும்பங்களின் பெட்டிகள் மட்டுமே எமக்குத் திறந்திருக்கின்றன. எமது சேகரிப்பு முழு வரலாறு அல்ல என்பதை நாம் மறக்கக்கூடாது.

படம் பேசும் முறை

புகைப்படம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதன் முதுகைப் பார்க்கிறோம். ஸ்ரூடியோவின் முத்திரை, தாள் கம்பனியின் பெயர், பென்சிலால் எழுதிய ஒரு சொல் ஆகிய எல்லாமே காலத்தைக் காட்டும். ரம்பப் பல்போல் வெட்டிய ஓரம் 1930களிலிருந்து 1950கள் வரை வழக்கில் இருந்தது. முதுகு வழவழப்பான பிளாஸ்ரிக் பூச்சோடு இருந்தால் அது 1970களுக்குப் பின் அச்சிட்ட பிரதி. பழைய படத்திலிருந்து எடுத்த மறுபிரதியாக இருக்கலாம். கறுப்புப் பகுதிகளில் வெள்ளி மினுக்கம் தெரிந்தால், பழைய வெள்ளிப் படங்கள் மூப்படையும் இயல்பு அது; துடைக்கக் கூடாது.

பிறகு படத்துக்குள் வருகிறோம். பின்னால் தெரியும் கட்டடம், சாறி உடுத்திய விதம், வகுப்பு ஆசிரியை யார், மரம் எவ்வளவு உயரம் என்பவற்றைக் கொண்டு ஆண்டைச் சிறுகச் சிறுக நெருங்குகிறோம். ஆனால் முகங்களுக்குப் பெயர் சொல்ல மனிதர்தான் வேண்டும். 1940களில் இங்கே படித்தவர்களில் இன்று எம்மோடு இருப்போர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு வகுப்புப் படத்தைப் பெரிதாக்கி அவர்களுள் ஒருவரிடம் காட்டியபோது, காலையில் என்ன சாப்பிட்டார் என்று நினைவில்லாத அவர், இரண்டாம் வரிசையை இடமிருந்து வலமாகப் பெயரும் வீட்டுப் பெயரும் சொல்லி முடித்தார். முதல் வரிசைக்கு வரும்போது களைத்துவிட்டார். மறுமுறை நாம் போவதற்கிடையில் அவர் காலமானார். முதல் வரிசை இன்னமும் பெயரில்லாமலே இருக்கிறது.

எமது யுத்தம்

இரண்டாவது யுத்தத்தின் பொருட்கள் வேறு வகையானவை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் மின்சாரம் இல்லை, புகையிரதம் இல்லை, பொருளாதாரத் தடையால் தாளும் மையும் இல்லை. அந்தக் காலத்து யாழ்ப்பாணப் பத்திரிகைகளைக் கையில் எடுத்தாலே தெரியும். பக்கங்கள் குறைவு, தாள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வகை, சில நாட்களில் பிள்ளைகளின் கொப்பிக்கான கோடிட்ட தாள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை வாசித்த பத்திரிகை அது. அதற்கு முன்னரே, 1987 ஒக்ரோபரில், யாழ்ப்பாணத்தில் இரு நாளிதழ்களின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டிருந்தன. இத்தனைக்கும் நடுவில் அச்சான ஒவ்வொரு தாளும் தொழிலாளர்களின் பிடிவாதத்துக்குச் சாட்சி.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறியது. கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவர்கள் எதைக் கொண்டுபோனார்கள்? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு. அல்பம் பாரம். சிலர் அல்பத்தை விட்டுவிட்டு நாலைந்து படங்களை மட்டும் உருவிப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அந்த உருவிய படங்களே இன்று எமக்கு வருகின்றன. மூலைகளில் பசை அடையாளத்தோடு வருகின்றன. வன்னியில் இருந்தவர்களுக்கு 2009 இல் அதுகூட மிஞ்சவில்லை.

எமது முஸ்லிம் தோழிகளையும் இங்கே சொல்ல வேண்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். எம்மோடு ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள் அல்பத்தை அல்ல, மாற்றுடுப்பைக்கூடச் சரியாக எடுக்காமல் போனார்கள். அவர்களது சிறு வயதுப் படங்கள் இன்று எங்காவது இருக்குமானால் அவை எமது வகுப்புப் படங்களிலேயே இருக்கும். ஆகவே எமது அல்பங்களைத் தேடிப் பிரதி எடுத்து அவர்களுக்குக் கொடுப்பது எமது கடமை. புத்தளத்திலும் கொழும்பிலும் உள்ள சிலருக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறோம்.

இன்னொரு விடயம் அவசரமானது. 1942 இன் கறுப்பு வெள்ளைப் படங்கள் நன்றாகவே இருக்கின்றன. 1980களிலும் 1990களிலும் எடுத்த வண்ணப் படங்களோ சாயம் வெளிறிச் செம்மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன. வண்ணப் படத்தின் சாயம் வெள்ளிப் படத்தைப்போல் நின்றுபிடிக்காது. பேத்தியின் படம் அம்மம்மாவின் படத்துக்கு முன்னரே அழிந்துவிடும். இளையவர்கள், ‘எங்களுடையது பழசு இல்லைத்தானே’ என்று இருந்துவிடக் கூடாது.

எதை வெளியிடுவது?

வந்த படங்களில் சிலவற்றில் ஒரு முகம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் பேனையால் கீறி அழிக்கப்பட்டிருக்கிறது. வீடுகள் சோதனையிடப்பட்ட காலத்தில், மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றத் தாய்மார் செய்த வேலை அது. இன்னும் பலர் படங்களை எரித்தார்கள்; கிணற்றடியில் புதைத்தார்கள்.

இவற்றை என்ன செய்வது என்பதில் எமது குழுவுக்குள் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. மறைந்த பிள்ளைகளும் எமது மாணவிகளே, நூற்றாண்டு மலரில் அவர்களுக்கு இடம் இல்லையென்றால் வேறெங்கே என்று சிலர் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. படத்தைத் தந்தவர்களே இன்னும் இந்த ஊரில் வாழ்கிறார்கள், அவர்களது நிம்மதியை நாம் விலையாகக் கொடுக்க முடியாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதுவும் நியாயமே. ஒரு தாய் மகளின் படத்தைப் பிரதி எடுக்கத் தந்து, ‘பெயர் போடவேண்டாம் பிள்ளை, படம் மட்டும் எங்கையாவது இருக்கட்டும்’ என்றார். எமது தீர்மானம் அவரது சொல்லிலிருந்தே வந்தது.

அதன்படி, தந்தவர் எழுத்தில் சம்மதித்த படங்களை மட்டுமே இம்மலரில் சேர்த்தோம். மற்றவற்றைப் பிரதி எடுத்து, மூலத்தைத் திருப்பிக் கொடுத்து, பிரதியை மூடிய பகுதியாகச் சங்கத்தில் வைத்திருக்கிறோம். எப்போது திறப்பது என்பதைத் தந்த குடும்பமே சொல்ல வேண்டும். வெட்டிய முகத்தின் இடத்தைக் கணினியால் நிரப்பி அழகாக்கித் தருவதாகச் சொன்னவர்களுக்கு வேண்டாம் என்றோம். அந்த ஓட்டையும் அப்படத்தின் வரலாறுதான்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

பழைய படத்தையோ பத்திரிகையையோ லமினேற் செய்யாதீர்கள். சூட்டிலும் பசையிலும் அது நிரந்தரமாகக் கெடும். கிழிந்த இடத்துக்கு செலோரேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை பழுப்பாகித் தாளைத் தின்னும். பசைத் தாள் அல்பத்தில் ஒட்டிய படத்தைப் பலவந்தமாக உரிக்காமல் பக்கத்தோடு சேர்த்துப் பிரதி எடுங்கள். படத்தின் முதுகில் பேனையால் எழுதாமல், மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். பத்திரிகையை மடிக்காமல், வெளிச்சம் படாமல், அமிலமற்ற தாள் உறையில் கிடையாக வையுங்கள். நிலத்திலும் சுவரோரத்திலும் வைக்கவேண்டாம். கறையான் அங்கேதான் முதலில் வரும்.

பிரதி எடுப்பதானால் ஸ்கானரில் 600 டிபிஐ அளவில், முன்பக்கமும் பின்பக்கமும் எடுங்கள். கைத்தொலைபேசியால் எடுப்பவர்கள் யன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள். நெகற்றிவ் இருந்தால் அதையும் சொல்லுங்கள். படத்தைவிட அது பெறுமதியானது. பொதுவில் வைக்கச் சம்மதமான பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும், 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திலும் சேர்ப்பிக்க விரும்புகிறோம். ஓரிடத்தில் மட்டும் இருப்பது எரியும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் வராதவை

1942 முதல் 1945 வரையான எமது கல்லூரிச் சஞ்சிகை ஒன்றுகூட எமக்குக் கிடைக்கவில்லை. தாள் தட்டுப்பாட்டில் அது வெளிவந்ததா என்பதற்கான ஒரு பிரதி, ஓர் அட்டை, ஒரு விளம்பரத் துண்டு கிடைத்தாலும் போதும். விடுதிப் பிள்ளைகளின் கூப்பன் கொப்பி, அகழி தெரியும் படம், மலாயாப் பிள்ளைகளின் கடிதம், 1995 இடம்பெயர்வின்போது மர நிழலில் வகுப்பு நடந்த படம், கொட்டகைப் பாடசாலையில் எழுதிய பரீட்சைத் தாள் எல்லாவற்றையும் தேடுகிறோம். இவை அலங்காரமாகத் தெரியாமல் இருக்கலாம். தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

அனுப்பும்போது ஐந்து விடயங்களை எழுதுங்கள்: படத்தில் உள்ளவர் யார், எங்கே, எப்போது, யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது, வெளியிடச் சம்மதமா இல்லையா. ஐந்தும் தெரியாவிட்டால் தெரிந்ததை எழுதுங்கள். வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர் இருந்தால், பெட்டியைத் தேடுவதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெட்டி அடுத்த விடுமுறை வரை இருக்கும். முதல் வரிசையிலிருந்து தொடங்குங்கள்.